வெளிக்கிரகங்களின் உஷ்ணநிலையும் பாட அட்டவணைகளும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே அமைந்துள்ள லேக் கார்டன்ஸில் வசிக்கும் ஒருவர், காலை நாளிதழைப் பிரித்து முந்திய நாளின் உஷ்ணநிலையைப் பார்க்கிறார் எனக் கொள்வோம். அங்கு அச்சாகியிருக்கும் எண் அவர் வீட்டு மொட்டைமாடியின் உஷ்ணநிலையன்று; ஏரி நீரின் உஷ்ணநிலையுமன்று. ஆலிப்பூர் வானிலை நிலையத்தில், வெயில் நேரே படாதவாறு அமைத்த காற்றோட்டமுள்ள பெட்டிக்குள், தரைக்குச் சற்று மேலே வைத்த வெப்பமானி காட்டிய அளவு அது. நாளிதழும் அதனை அதிகபட்சம், குறைந்தபட்சம் என இரண்டாகப் பிரித்தே கூறுகிறது. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்ன முறையில் அளந்தது என்னும் குறிப்பு இல்லாத உஷ்ணநிலைக்குப் பொருள் இல்லை என்பதை ஒரு நகரத்தைப் பொறுத்தவரையில் எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர்.

கிரகங்களைப் பற்றிய பாட அட்டவணைகளில் மட்டும் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. வியாழனுக்கு ஓர் எண், சனிக்கு ஓர் எண், யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஒவ்வோர் எண் என்று ஒரே நிரலில் அச்சிட்டு, மாணவர் மனப்பாடம் செய்யும்படி விட்டுவிடுகிறோம். அந்த எண் எந்த அலைநீளத்தில் அளந்தது, கிரகத்தின் எந்த அடுக்கைக் குறிப்பது என்று கூறுவதில்லை. அலைநீளம் குறிக்கப்பெறாத கிரக உஷ்ணநிலை பாதி உண்மையே என்பதும், அதனை அவ்வாறு அச்சிடும் வழக்கத்தை நம் நாட்டு மொழிகளின் விஞ்ஞான நூல்கள் விட்டொழிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ரேடியோ அலைகள் வெப்பமானியாவது எவ்வாறு?

உஷ்ணமுள்ள எந்தப் பொருளும் எல்லா அலைநீளங்களிலும் சிறிதளவேனும் கதிர்வீசுகிறது. பனிக்கட்டிக்கும் இது பொருந்தும். தனிப் பூஜ்யமாகிய −273 பாகை செல்சியஸிலிருந்து எண்ணும் கெல்வின் அளவையைக் கொண்டால், ரேடியோ அலைகளைப் பொறுத்தவரையில் விதி மிக எளியது. பொருளின் உஷ்ணநிலை இருமடங்கானால் அது வீசும் ரேடியோச் சக்தியும் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே வந்துசேரும் சக்தியை அளந்து, அதே அலைநீளத்தில் அதே சக்தியை வீசக்கூடிய முழுக் கரும்பொருளின் உஷ்ணநிலை யாது எனக் கணக்கிடுகின்றனர். இதுவே பிரகாச உஷ்ணநிலை எனப்படுவது. இது கணக்கினால் பெறப்படும் அளவு என்பதை மறத்தலாகாது. வெப்பத்தைத் தவிர வேறு காரணத்தால் அலைகள் பிறந்தாலும் கணக்கு ஏதோ ஓர் எண்ணைத் தந்தே தீரும்.

தொலைவிலுள்ள கிரகங்களைப் பொறுத்தவரையில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ரேடியோத் தொலைநோக்கியின் பார்வைக் கற்றை ஒரு கலை அகலமுடையது என வைத்துக்கொள்வோம். யுரேனஸின் வட்டம் வானில் 4 விகலைக்கும் குறைவு. கற்றையின் பரப்பில் அது ஏறத்தாழ 225-இல் ஒரு பங்கையே நிரப்பும். கிரகம் 200 கெல்வின் அளவில் கதிர்வீசினாலும் ஏரியலில் உணரப்படும் உயர்வு ஒரு கெல்வினுக்கும் குறைவாகவே இருக்கும். கருவியின் உள்ளிரைச்சலோ அதனினும் பன்மடங்கு மிகுதி. இதனை வெல்லும் வழியை 1946-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் டிக்கி காட்டினார். ஏரியலையும், உஷ்ணநிலை தெரிந்த ஒரு பொருளையும் மாறிமாறிக் கருவியுடன் இணைத்து வேற்றுமையை மட்டும் அளப்பதே அவ்வழி. கருவியின் சொந்த ஏற்ற இறக்கங்கள் இரண்டிலும் பொதுவாக இருத்தலின் கழிந்துபோகின்றன.

மூன்றாவதாகக் கருத வேண்டியது ஆழம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்புக் கதிரும் பொதுவாக ஒரு பொருளின் மேற்புறத்திலிருந்தே வருகின்றன. ரேடியோ அலைகள் அதனினும் உள்ளிருந்து வெளிவரக்கூடியவை. அலைநீளம் கூடக் கூட ஆழமும் கூடும். ஆஸ்திரேலியாவில் பிடிங்டன், மின்னெட் என்னும் இருவர் சந்திரனை 1.25 செ.மீ. அலையில் ஆராய்ந்து 1949-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல சான்று. சந்திரனின் மேற்பரப்பு பௌர்ணமியன்று மிகுந்த வெப்பமடைகிறது. ரேடியோ உஷ்ணநிலையோ அதற்குச் சுமார் மூன்றரை நாட்கள் கழித்தே உச்சமடைந்தது. ஏற்ற இறக்கமும் மிகக் குறைவாக இருந்தது. பகல் வெப்பம் புழுதிப்படலத்தினுள் மெல்ல இறங்குவதையே அவ்வலைகள் அறிவித்தன. அகச்சிவப்பு அளவும் ரேடியோ அளவும் வேறுபட்டன, இரண்டும் சரியானவையே.

ஒரே எண்ணை நம்பியதால் நேர்ந்தவை

வெளிக்கிரகங்களுக்குச் செல்லுமுன் வெள்ளியை நோக்குதல் நலம். 1956-இல் வாஷிங்டனிலுள்ள கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் மேயரும் அவருடன் பணிபுரிந்தோரும் 3.15 செ.மீ. அலையில் வெள்ளியை அளந்தபோது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் கிடைத்தது. அகச்சிவப்புக் கதிர்கள் காட்டியதோ −40 பாகை அளவு. பலர் திகைத்தனர், ரேடியோ அளவு பிழையாக இருக்கலாம் என்று ஐயுற்றோரும் உண்டு. உண்மையில், முதலாவது எண் மேகங்களுக்குக் கீழேயுள்ள வெப்பத்தையும், இரண்டாவது எண் மேகங்களின் மேற்புறக் குளிரையும் குறித்தன. 1970-இல் சோவியத் நாட்டின் வெனீரா 7 தரையிறங்கி 475 பாகை செல்சியஸ் எனத் தெரிவித்தது. எண்ணுடன் அடுக்கையும் சேர்த்து எண்ணும் பழக்கம் இருந்திருப்பின் திகைப்புக்கு இடமே இருந்திராது.

வியாழனின் வரலாறு இதனினும் விந்தையானது. 3 செ.மீ. அலையில் அதன் பிரகாச உஷ்ணநிலை ஏறத்தாழ 145 கெல்வின், அதாவது −128 பாகை செல்சியஸ். குளிர்ந்த அமோனியா மேகங்களுக்கு இது பொருந்துவதே. ஆனால் 1950-களின் இறுதியில் 10 செ.மீ. அலையில் அளந்தபோது 600 கெல்வினும், 21 செ.மீ. அலையில் ஏறத்தாழ 3,000 கெல்வினும், 68 செ.மீ. அலையில் பல பதினாயிரம் கெல்வினும் கிடைத்தன. சூரியனின் ஒளிமண்டலத்தைவிட வியாழன் வெப்பமானது என்று எவரும் நம்ப இயலாது. எனின், எண்கள் பொய்யா?

இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் சென்னைத் தண்டையார்பேட்டையில் 1929-இல் பிறந்த வெ. ராதாகிருஷ்ணன் என்பது தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி. கொல்கத்தாவில் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற சர் சி. வி. ராமனின் மைந்தர் அவர். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இரு பெரிய ஏரியல்களை இணைத்த குறுக்கீட்டுமானியைக் கொண்டு, ஜேம்ஸ் ராபர்ட்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து, 960 மெகாசைக்கிள் அதிர்வெண்ணில், அதாவது 31 செ.மீ. அலையில், அவர் வியாழனை ஆராய்ந்தார். முடிவு 1960-இல் வெளியாயிற்று. அந்த அலைகள் கிரகத்தின் வட்டத்திலிருந்து மட்டும் வரவில்லை. நடுக்கோட்டுத் திசையில் வட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம் பரவிய பகுதியிலிருந்து வந்தன. அன்றியும், அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே தளத்தில் அதிர்ந்தன. வெறும் வெப்பத்தால் பிறக்கும் அலைகளில் இத்தகைய தளவிளைவு இராது. வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கி, ஒளியின் வேகத்தை நெருங்கிச் சுழலும் எலெக்ட்ரான்களே அவற்றை வீசுகின்றன என்பது தெளிவாயிற்று. 3,000 கெல்வின் என்னும் எண் கணக்கில் சரியே. அது உஷ்ணநிலையைக் குறிக்கவில்லை. ராதாகிருஷ்ணன் பின்னர், 1972 முதல் 1994 வரை, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

சனியின் பெருந்துணைக்கோளாகிய டைட்டனும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. அகச்சிவப்பில் அளந்த சில எண்கள் அதன் மேல்வளியின் வெப்பத்தைக் காட்டியமையால், தரை எவ்வளவு குளிர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. அமெரிக்காவின் மிகப்பெரிய ஏரியல் அணியில் சென்டிமீட்டர் அலைகளைக் கொண்டு செய்து 1980-இல் வெளியான ஆய்வு 87 கெல்வின் எனவும், அதில் 9 கெல்வின் கூடவோ குறையவோ இருக்கலாம் எனவும் கூறிற்று. அவ்வாண்டு நவம்பரில் டைட்டனை அணுகிச் சென்ற வாயேஜர் 1 ஏறத்தாழ 94 கெல்வின் என்றது. 2005 ஜனவரியில் தரையிறங்கிய ஹைகன்ஸ் கலத்தின் வெப்பமானியும் 94-ஐ ஒட்டியே காட்டியது. நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபடியே ரேடியோ அலைகள் தரையை எட்டியிருந்தன.

உஷ்ணநிலையைத் தவறாகக் கொண்டால் கிரகத்தின் உருவமே மாறிவிடும். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஈரிஸைக் கண்டுபிடித்த பின்னர், 1.2 மி.மீ. அலையில் அதன் சக்தியை அளந்து, உஷ்ணநிலை இவ்வளவு இருக்கும் என ஊகித்து, குறுக்களவு ஏறத்தாழ 3,000 கி.மீ. என 2006-இல் கணக்கிட்டனர். வந்துசேரும் சக்தி, பரப்பையும் உஷ்ணநிலையையும் பெருக்கியதற்கு ஒப்பாகும். ஆகவே ஒன்றை ஊகித்தே மற்றதைப் பெற இயலும். 2010 நவம்பரில் ஈரிஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது நேரடியாகப் பெற்ற அளவு 2,326 கி.மீ. முன்னைய ஆராய்ச்சியாளர் தம் ஊகத்தையும் பிழையெல்லையையும் வெளிப்படையாகக் குறித்தே வெளியிட்டனர். அக்குறிப்புகளை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச்சென்ற செய்திகளே பொதுமக்களை மயக்கின.

புளூட்டோவின் செய்தியும் அத்தகையதே. ஹவாய்த் தீவின் மலைமேல் எட்டு ஏரியல்களை இணைத்து மில்லிமீட்டர் அலையில் 2005-இல் செய்த ஆய்வில், புளூட்டோ 43 கெல்வின் அளவிலும் அதன் துணைக்கோள் காரன் அதனினும் பத்துப் பாகை மிகுந்தும் காணப்பட்டன. சூரியனிலிருந்து இரண்டும் ஒரே தொலைவில் இருந்தும் இவ்வேற்றுமை ஏன்? புளூட்டோவின் நைட்ரஜன் பனி ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது; உடல் வியர்வையால் குளிர்வதை இதற்கு ஒப்பிடலாம். ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் இந்த அழகிய காரணத்தை ஒருபோதும் அறியமாட்டான்.

கொல்கத்தாவிற்கு உரிய பங்கு

மில்லிமீட்டர் அலைகளின் வரலாறு கொல்கத்தாவிலேயே தொடங்குகிறது எனலாம். 1895-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜகதீச சந்திர போஸ், பிரசிடென்சி கல்லூரியில், 5 மி.மீ. அளவு குறுகிய அலைகளை உண்டாக்கி, கொம்பு வடிவ ஏரியல்களால் அவற்றை ஆராய்ந்தார். 1949-இல் சிசிர் குமார் மித்ரா கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ரேடியோப் பௌதிக நிலையத்தை நிறுவினார். அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிருணாள் குமார் தாஸ் குப்தா இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்கில் ஜென்னிசனுடன் செய்த ஆராய்ச்சி, சிக்னஸ் மண்டலத்தின் ரேடியோ மூலம் இரு கூறுகளாயிருப்பதை 1953-இல் வெளிப்படுத்தியது.

இத்தகைய மரபுடைய நகரத்தின் மாணவர்கள் கிரக உஷ்ணநிலையை அட்டவணையில் மட்டும் படித்தல் போதுமா? லேக் கார்டன்ஸின் மொட்டைமாடிகளைச் சற்றே நோக்கினால் வழி புலப்படும். பயனற்றுக் கிடக்கும் டெலிவிஷன் டிஷ்கள் அங்குப் பல. அவை ஏறத்தாழ 2.5 செ.மீ. அலையைப் பெறுபவை; வியாழனை முதன்முதல் அளந்த அலையிலிருந்து இது வெகுதூரம் விலகியதன்று. மார்ச்சு முற்பகுதியிலும் அக்டோபர் முற்பகுதியிலும், பகல் வேளையில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சில நிமிடங்கள் படம் சிதைவதுண்டு. சூரியனின் ரேடியோ வெப்பம் டிஷ்ஷில் விழுந்து ஒளிபரப்பை மூழ்கடிப்பதே காரணம்.

60 செ.மீ. டிஷ் ஒன்றையும், அதைத் திசைதிருப்பப் பயன்படும் சிறு சிக்னல் மானியையும் ஒரு பள்ளி பெற்றுக்கொள்ளட்டும். முதலில் டிஷ்ஷை எதிர்வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பினால் ஏறத்தாழ 300 கெல்வினுக்குரிய அளவு கிடைக்கும். தெளிந்த வானை நோக்கினால் மிகக் குறைந்த அளவு கிடைக்கும். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு சூரியனை நோக்க வேண்டும். கற்றை 3 பாகை அகலமுடையது, சூரியன் அரைப்பாகை. எனவே கிடைக்கும் உயர்வை 36-ஆல் பெருக்க வேண்டும். கவனமாகச் செய்யும் மாணவனுக்குக் கிடைக்கும் விடை 11,000 அல்லது 12,000 கெல்வினை ஒட்டியிருக்கும். பாடநூல் கூறுவதோ ஏறத்தாழ 5,800. தான் பிழைசெய்ததாக அவன் அஞ்சவேண்டியதில்லை. 2.5 செ.மீ. அலைகள் ஒளிமண்டலத்திற்கு மேலேயுள்ள, வெப்பம் மிகுந்த நிறமண்டலத்திலிருந்து வருகின்றன. உஷ்ணநிலை அலைநீளத்தைப் பொறுத்தது என்னும் உண்மையை ஒரே பிற்பகலில் அவன் தன் கையாலேயே கண்டறிவான்.

அதே டிஷ்ஷில் சந்திரன் 6 கெல்வின் அளவே உயர்வு காட்டும். மிகுந்த பொறுமை வேண்டும். வியாழனோ ஒரு கெல்வினில் ஆயிரத்தில் இரண்டு பங்கே தரும். அது கைக்கு எட்டாதது. எட்டாமையைக் கணக்கிட்டு அறிதலும் ஒரு கல்வியே. அப்போதுதான் நூறு மீட்டர் ஏரியல்களும், மலையுச்சியில் நிறுவப்பெறும் ஏரியல் அணிகளும் எதற்கு என்பது விளங்கும். மழைமேகம் சூழ்ந்த ஆடி ஆவணி மாதங்களில் வானின் அளவு உயர்ந்து காணப்படுவதையும் மாணவன் கவனிப்பான். காற்றிலுள்ள நீர் குறுகிய அலைகளை உறிஞ்சித் தானும் கதிர்வீசுகிறது. வங்கக் கரையின் ஈரக்காற்று மில்லிமீட்டர் வானியலுக்கு ஏற்றதாகாமைக்கும் இதுவே காரணம்.

எதிர்வாதங்கள்

ஒரு கிரகத்திற்குப் பல எண்களைக் கொடுத்தால் இளம் மாணவர் குழம்புவர் என்று சிலர் கூறக்கூடும். அடுப்பின் அருகிலும் அறையின் மூலையிலும் வெப்பம் வேறு என்பதைச் சிறு குழந்தையும் அறியும். வியாழனின் மேகங்களில் ஒரு வெப்பம், அதற்குக் கீழே மற்றொரு வெப்பம் என்பதும் அதுபோன்றதே. குழப்பம் விளைவிப்பது எண்களின் பன்மையன்று. காரணம் கூறாமல் ஒரு நூல் ஓர் எண்ணையும் மற்றொரு நூல் வேறோர் எண்ணையும் அச்சிடுதலே. அதனைக் காணும் இளைஞன் விஞ்ஞானிகள் மனம்போனவாறு கூறுகின்றனர் என்று எண்ணிவிடுகிறான். அந்த அவநம்பிக்கை வானியலோடு நிற்பதில்லை. மருந்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் விஞ்ஞானம் கூறுவதற்கும் அது பரவும்.

எல்லாம் தீர்ந்துபோன பழைய பிரச்சினை இது என்று கருதுவோரும் உளர். அது சரியன்று. புனேயை அடுத்த கோடாடில் 45 மீட்டர் குறுக்களவுள்ள முப்பது ஏரியல்களைக் கொண்ட நமது பெரிய மீட்டர்அலைத் தொலைநோக்கியால் வெள்ளியை நோக்கி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 606 மெகாசைக்கிளில் 526 கெல்வினும், 333 மெகாசைக்கிளில் 409 கெல்வினுமே கிடைத்தன. வெள்ளியின் தரையோ 735 கெல்வின் அளவு வெப்பமுடையது. நீண்ட அலைகளில் எண் இவ்வாறு இறங்குவதை இன்றுள்ள கொள்கைகள் நிறைவாக விளக்கவில்லை. வியாழனை 2016 முதல் சுற்றிவந்து ஆராய்ந்த ஜூனோ கலம், 1.3 செ.மீ. முதல் 50 செ.மீ. வரை ஆறு அலைநீளங்களில் அளந்து, அமோனியா எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை எனக் காட்டியது. ஆறு அலைநீளங்கள் ஆறு ஆழங்களைக் காட்டியதாலேயே இது தெரியவந்தது. ஒற்றை எண்ணைக் கேட்டிருப்பின் இக்கண்டுபிடிப்பே இல்லை.

செய்யத்தக்கவை

பாடநூல் குழுக்களும், கலைக்களஞ்சியம் தொகுப்போரும், மொழிபெயர்ப்பாளரும் மூன்று விதிகளைக் கைக்கொள்ளலாம். கிரக உஷ்ணநிலை எழுதுமிடத்தெல்லாம் அலைநீளத்தையும் அது குறிக்கும் அடுக்கையும் உடன் எழுதுக. “வியாழன், 3 செ.மீ., 145 கெல்வின், அமோனியா மேகப் பகுதி” என்று ஒரே வரியில் அடங்கிவிடும். இரண்டாவதாக, பிரகாச உஷ்ணநிலை என்னும் தொடரில் “பிரகாச” என்னும் அடைமொழியைச் சுருக்கத்திற்காக நீக்காதிருக்க வேண்டும். அச்சொல்லை நீக்கினால், வியாழனின் 3,000 கெல்வின் மீண்டும் உஷ்ணநிலையாக உருக்கொள்ளும். மூன்றாவதாக, மூலத்தில் பிழையெல்லை குறிக்கப்பட்டிருப்பின் அதனையும் மொழிபெயர்க்க வேண்டும். 87 என்பதும், 9 கூடவோ குறையவோ இருக்கக்கூடிய 87 என்பதும் ஒன்றல்ல.

இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய நிலையமோ தேவையில்லை. அட்டவணையில் இரண்டு நிரல்கள் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. பள்ளிதோறும் ஒரு பழைய டிஷ்ஷும் கிடைத்துவிட்டால், அந்நிரல்களில் முதல் வரியாகிய சூரியனை மாணவரே நிரப்பிக்கொள்வர்.